ஆர்க்டிக்கில் ஓர் இயற்கை விளக்க நிலையம்: மலையகக் கட்டடக்கலை மாணவருக்கு ஒரு வழிகாட்டி

ஆர்க்டிக்கில் வருவோருக்கு அங்குள்ள இயற்கையை விளக்கும் ஒரு நிலையத்தை வடிவமைக்கச் சொல்லி ஸ்டூடியோவில் பிரீஃப் (வேலைக்குறிப்பு) கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் வரைவது இக்ளூ போன்ற ஒரு கவிகையை. இரண்டாவது, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதற்கு வெளியே பச்சையாகத் துருவ ஒளி. இரண்டுமே முதல் ஜூரியை (ஆசிரியர் குழு படங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் மதிப்பீடு) தாண்டுவதில்லை. காரணம் எளிது: இரண்டும் படம் பார்த்து வரைந்தவை, நிலத்தைப் பார்த்து வரைந்தவை அல்ல.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வளர்ந்த மாணவருக்கு இந்த வேலையில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. சரிவு, மூடுபனி, ஈரச் சுவர், விடியற்காலைக் குளிர் எல்லாம் ஏற்கனவே பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்தோடு நாலு கைப்பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வரும்: சரிவை வெட்டி மேடை எடுப்பது, தண்ணீருக்குக் கான் (வடிகால்) வெட்டுவது, கூரையை இரண்டு மூன்று அடி வெளியே நீட்டுவது, முன்னால் திறந்த இஸ்தோப்பு (திண்ணை) வைப்பது. நம்மூரில் நாலும் சரி. ஆர்க்டிக்கில் நாலும் கட்டடத்தைக் கெடுக்கும். ஏன் என்று தெரிந்தால் பாதி டிசைன் முடிந்த மாதிரி.

எந்த ஆர்க்டிக் என்று முதலில் முடிவெடுங்கள்

ஆர்க்டிக் வட்டம் வடக்கு 66.5 பாகையில் ஓடுகிறது. அதற்கு மேலே எல்லாம் ஒரே பனிவெளி என்று நினைத்தால் தவறு. முதல் தடவை செய்பவருக்குப் பொருத்தமான மூன்று இடங்கள் உண்டு. மூன்றுக்கும் நிலம் வேறு, ஆட்கள் வேறு, அதனால் கட்டடமும் வேறு.

கிறீன்லாந்தின் இலுலிசாட் (சுமார் 69 பாகை): பனிக்கட்டி தேய்த்து வழவழப்பாக்கிய கெட்டிப் பாறை. அங்குள்ள பனியாற்றுக் குடா 2004இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரத்தில் டென்மார்க் கட்டடக்கலைஞர் டோர்தே மாண்ட்ரப் வடிவமைத்த நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. முறுக்கிவிட்ட எஃகுச் சட்டங்கள், கூரைமேலேயே நடைபாதை. இந்த பிரீஃபுக்குப் படிக்க வேண்டிய முதல் கட்டடம் இதுதான்.

சுவீடனின் அபிஸ்கோ (68 பாகை): குட்டையான பேர்ச் மரக்காடு, ஏரி, மலை. தேசியப் பூங்கா 1909இல் அறிவிக்கப்பட்டது. மழையும் பனியும் குறைந்த, வானம் தெளிந்த இடம்.

ஸ்வால்பார்டின் லோங்யர்பியேன் (78 பாகை): மரமே இல்லை, மண் முழுக்க உறைந்தது, ஊருக்கு வெளியே போனால் பனிக்கரடி. அங்குள்ள அறிவியல் நிலையம் (2005) செப்புத் தகடு போர்த்திக் கம்பங்களில் நிற்பது. காற்றும் பனியும் எப்படிப் படியும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து அதன் வடிவம் தீர்மானிக்கப்பட்டது. நோர்வேயின் யார்முண்ட்–விக்ஸ்நேஸ் நிறுவனத்தின் வேலை.

பாறையில் கட்டுவது சுலபம், உறைமண்ணில் கட்டுவது பாடம். நேரம் ஒரு செமஸ்டர் இருந்தால் லோங்யர்பியேனை எடுங்கள். ஆறு வாரம்தான் என்றால் இலுலிசாட் போதும்.

நிலமட்டக் கோடுகளுக்கு ஆர்க்டிக்டெம் என்ற இலவசத் தரவு இருக்கிறது. 2 மீற்றருக்கு ஒரு புள்ளி வீதம் உயரம் தரும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் இறக்கி 1 மீற்றர் இடைவெளியில் கோடு எடுக்கலாம். ஸ்வால்பார்டுக்கு நோர்வே துருவ நிறுவனத்தின் டோப்போஸ்வால்பார்ட் வரைபடமும் உண்டு. கூகுள் படத்தை மட்டும் வைத்து சைட் பிளான் போட்டால் சரிவு தெரியாது. உங்கள் சைட்டுக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் தெரியாது.

அந்தக் கடைசி விஷயத்தை மலையகத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின்மேல் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இறங்கியது மலைமண். லோங்யர்பியேனில் 2015 டிசம்பர் 19 அன்று மலைச்சரிவிலிருந்து இறங்கிய பனிச்சரிவு 11 வீடுகளை இடம்பெயர்த்தது. இரண்டு பேர் இறந்தார்கள். எனவே சைட்டைக் குறித்த பிறகு, மேலே உள்ள சரிவின் குறுக்குவெட்டை உச்சிவரை வரையுங்கள். 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுதான் பனிச்சரிவுக்கு ஏற்றது. அப்படிப்பட்ட சரிவு நேர் மேலே இருந்தால் சைட்டை மாற்றுங்கள். தடுப்புச் சுவர் வரைந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

சூரியனைக் கணக்குப் போடுங்கள்

நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதற்கு ஒரே வாய்பாடு: 90இலிருந்து இடத்தின் அகலக்கோட்டைக் கழித்து, அன்றைய சூரியச் சாய்வைக் கூட்டுங்கள். சாய்வு ஜூன் 21இல் +23.4, மார்ச், செப்டெம்பரில் சம இரவு நாட்களில் 0, டிசம்பர் 21இல் −23.4.

69 பாகையில் ஜூன் நண்பகல் 44 பாகை உயரம், மார்ச்சில் 21, டிசம்பரில் −2. அதாவது டிசம்பரில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமான அரைவெளிச்சம் மட்டும். லோங்யர்பியேனின் 78.2 பாகையில் ஜூன் நண்பகல் 35, டிசம்பர் நண்பகல் −11.6. அது கிட்டத்தட்ட முழு இருட்டு. நுவரெலியாவில் (7 பாகை) இதே கணக்கு டிசம்பரில் தெற்கே சாய்ந்து 60 பாகையும், ஜூனில் உச்சியைத் தாண்டி வடக்கே சாய்ந்து 74 பாகையும் தரும். நம் சூரியன் எப்போதும் தலைக்குமேல், அவர்களுடையது எப்போதும் கண்ணுக்கு நேரே.

இதிலிருந்து மூன்று முடிவு வரும். ஒன்று, தாழ்ந்த சூரியனைக் கூரை நீட்டல் மறைக்காது. கண்ணாடிக்கு வெளியே செங்குத்தான நகர்த்துப் பலகை தேவை. இரண்டு, கோடையில் சூரியன் 360 பாகையும் சுற்றும், நள்ளிரவில் வடக்கிலிருந்து அடிக்கும். லோங்யர்பியேனில் ஜூன் நள்ளிரவுச் சூரியனின் உயரம் 11.6 பாகை. "வடக்கு ஜன்னலில் கண்கூச்சம் வராது" என்று எழுதினால் ஜூரியில் மாட்டுவீர்கள். மூன்று, நிழல் நீளும். 21 பாகை உயரத்தில் 6 மீற்றர்க் கட்டடத்தின் நிழல் சுமார் 15.6 மீற்றர். வெளியே உட்காரும் இடத்தை வசந்தத்தில் அந்த நிழலுக்குள் வைத்துவிடாதீர்கள்.

மலை மறைப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்துக்கு வெயில் எட்ட ஒன்பது மணி ஆவதுபோல, லோங்யர்பியேனில் சூரியன் பெப்ரவரி நடுவிலேயே அடிவானத்துக்கு மேலே வந்தாலும், மலை மறைப்பதால் ஊருக்குள் முதல் கதிர் விழுவது மார்ச் 8ஐ ஒட்டித்தான். அன்று ஊரே கூடி விழா எடுக்கிறது. ஒரு நிலையத்துக்கு இதைவிட நல்ல டிசைன் காரணம் கிடைக்காது: அந்தக் கதிர் எந்தச் சுவரில் விழும் என்று தீர்மானித்து அதற்காக ஒரு ஜன்னல் வையுங்கள்.

காற்றும் பனியும்: அடுக்களை ரவையால் ஒரு சோதனை

ஆர்க்டிக்கில் பனி அளவில் பெரிதாகப் பெய்வதில்லை. லோங்யர்பியேனில் ஆண்டு முழுக்க விழுவது சுமார் 200 மில்லிமீற்றர் நீருக்குச் சமம். நுவரெலியாவில் அதைப் போல ஏறக்குறைய ஒன்பது பத்து மடங்கு மழை. தொல்லை பெய்வதில் இல்லை, விழுந்த பனியைக் காற்று தூக்கிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறது என்பதில்.

காற்றுத் திசைத் தரவை நோர்வே வானிலை நிறுவனத்தின் தளத்திலிருந்து இலவசமாக எடுக்கலாம். டென்மார்க், சுவீடன் நிறுவனங்களும் தருகின்றன. குளிர்கால மாதங்களைத் தனியாகப் பிரித்துக் காற்றுப் பூ (எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று என்று காட்டும் வட்டப்படம்) வரையுங்கள். ஆண்டுச் சராசரி ஏமாற்றும். லோங்யர்பியேனில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியே இறங்கும்.

பிறகு இந்தச் சோதனை. 1:200 அளவில் சைட் மொடல், மேசை மின்விசிறி, அரைக் கிலோ ரவை, ஒரு கட்டு உறிஞ்சுகுழல். குழல்களைத் தேன்கூடுபோல் அடுக்கி ஒட்டி விசிறிக்கு முன்னால் நிறுத்துங்கள். சுழன்று வரும் காற்று நேராகும். விசிறியிலிருந்து மொடல் 1.5 மீற்றர் தள்ளி இருக்கட்டும். ரவை மெல்ல நகரத் தொடங்கும் வேகம் போதும். மொடலுக்கு 50 சென்ரிமீற்றர் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மேலிருந்து படம் எடுங்கள். பத்து நிமிடத்தில் குவியும் இடங்கள் தெரிந்துவிடும். கோதுமை மா வேண்டாம், கட்டிகட்டியாகிவிடும். உப்பும் வேண்டாம், மூடுபனி நாளில் நுவரெலியா உப்பு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ரவையைக்கூட முதலில் வெறும் சட்டியில் வறுத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். இது எண் தரும் சோதனை அல்ல. வடிவம் A-ஐவிட வடிவம் B-இல் வாசல் மூடுகிறதா என்று ஒப்பிட மட்டும் உதவும். அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

பெரும்பாலும் காண்பவை இவை. காற்று வரும் பக்கம் தரை வழிக்கப்பட்டு வெறுமையாகும். காற்று மறைவுப் பக்கம் மலையாகக் குவியும். L வடிவத்தின் உள்மூலையும் நாலு பக்கமும் மூடிய முற்றமும் நிரம்பிவிடும். முற்றம் வைக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். நீளப் பக்கத்தைக் காற்றுக்கு இணையாகப் போட்டு, வாசலை அந்த நீளப் பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு. மறைவுப் பக்கம் அமைதியாகத் தெரியும், அதனால்தான் எல்லோரும் வாசலை அங்கே வைக்கிறார்கள், ஜனவரியில் அது திறக்காது.

பாரத்தையும் குறியுங்கள். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவில் இருக்கும். காற்று அடித்து இறுக்கியது 300 முதல் 400. கூரை மட்டம் மாறும் இடத்தில் ஒரு மீற்றர் இறுகிய பனி நின்றால் ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோவுக்கு மேல், அதாவது 3 கிலோநியூட்டனுக்கு மேல். எனவே கூரையில் படிகள், பள்ளங்கள், கைப்பிடிச் சுவர்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நீட்டிய கூரையோரம் இரண்டு விதத்தில் கெடுக்கும். காற்று அதைப் பிடித்துத் தூக்கும். அறையின் சூட்டில் கூரைமேல் உருகும் பனி, சூடில்லாத அந்த ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கும். பின்னால் தேங்கும் நீர் கூரைக்குள் இறங்கும். பீலி (கூரை நீரை ஏந்தும் தகடு) வைத்தால் பனிக்கட்டி அதைப் பிய்த்தெறியும். வழுக்கும் தகரக் கூரை போட்டால் தேங்கிய பனி ஒரே நேரத்தில் சரிந்து விழும், அதன் கீழே வாசலோ நடைபாதையோ வரக்கூடாது.

நிலத்தைத் தொடாமல் நிற்பது

உறைமண் என்பது இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து உறைந்தே இருக்கும் நிலம். கோடையில் அதன் மேலடுக்கு மட்டும் இளகும். லோங்யர்பியேன் பகுதியில் இந்த இளகும் அடுக்கு சுமார் 1 மீற்றர். கீழே உள்ளது கல்போலக் கெட்டி. இளகினால் சேறு.

இப்போது கொங்கிரீட் தரை போட்டு, உள்ளே 20 பாகை சூடாக்கி வைத்தால் என்ன ஆகும்? சூடு தரை வழியே இறங்கும், உறைமண் இளகும், நடுப்பகுதி முதலில் அமிழும், சுவர் வெடிக்கும். அங்கே குளிரைவிடக் கட்டடத்தின் சொந்தச் சூடுதான் அதற்கு எதிரி. இந்த ஒரு விஷயம் பிடிபடாதவரை பிளான் வரையத் தொடங்காதீர்கள்.

வழி: கம்பங்கள் நட்டு, கட்டடத்தைத் தூக்கி, அடியில் குளிர்காற்று ஓட விடுவது. இடைவெளி குறைந்தது 1 மீற்றர் வையுங்கள். அதைவிடக் குறைந்தால் பனி அடைத்துக்கொள்ளும், அடைத்த பனி கம்பளிபோல நிலத்துக்குக் குளிர் போகவிடாமல் தடுக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அடிப்பகுதியைப் பலகையால் மூடும் தவறு மாணவர் வரைபடங்களில் அடிக்கடி வரும். மூடினால் கம்பம் நட்டதே வீண். கம்பங்களை 3 முதல் 4 மீற்றர் கட்டத்தில் வரைந்து, மேலே மரச்சட்டத் தரை. துளையிட்டுக் கம்பத்தை இறக்கி, சுற்றிலும் மணலும் நீரும் கலந்த குழம்பை ஊற்றினால் அது உறைந்து கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் இளகும் அடுக்கு மறுபடி உறையும்போது வீங்கிக் கம்பத்தை மேலே இழுக்கும். அதனால் கம்பம் அந்த அடுக்கைவிடப் பல மடங்கு ஆழம் போக வேண்டும். நிலம் சூடேறிவரும் இக்காலத்தில் பாறை வரை இறக்குவதும் நடக்கிறது. வெட்டுப்படத்தில் இளகும் அடுக்கு, உறைமண், கம்பத்தின் பிடி மூன்றையும் தனித்தனி நிறத்தில் காட்டுங்கள்.

சரிவை வெட்டி மேடை எடுப்பது ஏன் கூடாது என்பதும் இதே கதைதான். மேலே இருக்கும் பாசியும் புல்லும் உறைமண்ணுக்குப் போர்வை. அதை உரித்தால் வெயில் நேரே இறங்கும். கான் வெட்டினால் ஓடும் நீர் சூட்டைக் கொண்டுபோய் உறைமண்ணைக் கரைத்து, சில கோடைகளில் கான் ஓடையாகிவிடும். வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்றால் வெட்டாமல், துணிவிரிப்பின்மேல் கற்சல்லி கொட்டி உயர்த்துங்கள்.

பாறை சைட்டில் இந்தக் கவலை இல்லை. ஆனால் வெடிவைத்துச் சமப்படுத்துவது சோம்பேறித்தனம். பாறையின் மேடு பள்ளத்தை அளந்து, தொடும் புள்ளிகளைக் குறைத்து, எஃகுக் கால்களை நங்கூர ஆணியால் பாறையில் இறுக்குங்கள். வசந்தத்தில் உருகும் நீர் அடியால் ஓடட்டும். எஃகுத் தரத்தையும் எழுதுங்கள்: சாதாரண எஃகு கடுங்குளிரில் கண்ணாடிபோல் உடையும். எஸ்355ஜே2 என்பது −20 பாகையில் அடிதாங்கும் சோதனை செய்தது, எஸ்355என்எல் −50இல்.

தண்ணீர்க் குழாயையும் புதைக்க முடியாது. லோங்யர்பியேனில் வெப்பக்காப்புப் போர்த்திய குழாய்கள் நிலத்துக்கு மேலே கால்களில் ஓடுகின்றன. உங்கள் சைட் பிளானில் அவை எங்கிருந்து வந்து எங்கே நுழைகின்றன என்று கோடு இருக்க வேண்டும். கழிவறைகளை எல்லாம் அந்த நுழைவிடத்தின் பக்கமே அடுக்குங்கள்.

அறைகள்: இஸ்தோப்பை மூடி உள்ளே கொண்டுவாருங்கள்

400 சதுர மீற்றர் முதல் முயற்சிக்குப் போதும். ஒரு பங்கீடு: காற்றுப்பூட்டு முன்னறை 12, சப்பாத்தும் மேலுடையும் கழற்றும் அறை 25, வரவேற்பும் கடையும் 35, காட்சிக்கூடம் 110, படம் பார்க்கும் அறை 60, சிற்றுண்டிச் சாலை 45, அதன் அடுக்களை 15, கழிவறைகள் 24, ஊழியர் அறை 20, இயந்திர அறை 24, வழிகளுக்கு 30. பனிமோட்டார் வண்டி, மண்வெட்டி, கயிறு வைக்கும் 30 சதுர மீற்றர்க் குளிர்க் கொட்டில் இதில் சேராது. அது சூடாக்கும் சுவருக்கு வெளியே தனியாக நிற்கட்டும். இயந்திர அறையை மாணவர்கள் 6 சதுர மீற்றரில் அடக்கப் பார்ப்பார்கள். காற்றோட்டப் பெட்டியே அதற்குள் போகாது.

எல்லாவற்றிலும் கவனம் கேட்பது அந்த 25 சதுர மீற்றர். மலையிலிருந்து இறங்கிவந்த கொழுந்தெடுப்பவர் நனைந்த கம்பளியையும் படங்கையும் இஸ்தோப்பில் உதறிப் போட்டுவிட்டுத்தான் காம்பராவுக்குள் (லய அறைக்குள்) போவார். அதே அறிவுதான் இங்கேயும், திறந்த வெளியாக மட்டும் இருக்கக்கூடாது. பேருந்தில் 40 பேர் ஒன்றாக வருவார்கள். தடித்த மேலுடைக்கு ஒரு கொக்கிக்கு 20 சென்ரிமீற்றர் என்றால் 8 மீற்றர்ச் சுவர் வேண்டும். ஒரே நேரத்தில் 12 பேர் உட்கார்ந்து சப்பாத்துக் கழற்ற 6 மீற்றர் வாங்கு. கீழே நீர் வடியும் கம்பித் தட்டு, சூடான தரை. முன்னறைக்கு இரண்டு கதவு. ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும் அளவுக்கு நடுவில் 2.5 முதல் 3 மீற்றர் ஆழம். 1.2 மீற்றர் வைத்தால் கூட்டம் வரும்போது இரண்டும் ஒன்றாகத் திறந்தே கிடக்கும். ஆட்கள் கூடும் கட்டடத்தின் வெளிக்கதவு தீ நேரத்தில் வெளிநோக்கித் திறக்க வேண்டும். பனி குவிந்தால் அது திறக்காது. அதனால் கதவுக்கு முன்னால் நிலத்திலிருந்து உயர்த்திய கம்பித்தட்டு மேடையும், காற்று வழிக்கும் இடமும் கட்டாயம். ரவைச் சோதனையில் முதலில் பார்க்க வேண்டிய புள்ளி அது.

வந்தவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆர்க்டிக் போக வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி வரவேற்பு நிலையத்தில் ஒரு காலை நின்று பாருங்கள். ஈரக்குடையை எங்கே வைக்கிறார்கள், எந்தக் காட்சிப் பலகை முன்னால் எத்தனை நொடி நிற்கிறார்கள், பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள், வரிசை எங்கே திரள்கிறது. இரண்டு மணி நேரம் கோடுபோட்டு எண்ணிய ஒரு தாள், பத்துப் பக்க இணையப் படங்களைவிடப் பெறுமதி. தை மாதம் போனால் புல்லில் உறைபனியும் காணலாம். நுவரெலியாவின் தை மாத இரவுக் குளிர்தான் லோங்யர்பியேனுக்கு நடுக்கோடை. அங்கே ஜூலை சராசரி 6, 7 பாகை.

சுவருக்குள் வேர்க்காமல் இருக்க

சிலிங் இல்லாத தகரக் கூரையின் அடியில் விடியற்காலையில் நீர் முத்துமுத்தாகச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்யவில்லை; மூச்சிலும் அடுப்பிலும் இருந்து வந்த ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு வேர்க்கிறது. ஆர்க்டிக்கில் இதே வேலை சுவருக்குள், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். அங்கே உறைந்து, வசந்தத்தில் உருகி, மரத்தை உளுத்துப்போகச் செய்யும்.

உள்ளிருந்து வெளியே சுவர் இப்படி: 15 மில்லிமீற்றர்ப் பலகை, 48 மில்லிமீற்றர்க் குறுக்குச் சட்டமும் அதற்குள் ரொக் வூல் என்ற கற்பஞ்சும் (மின்கம்பிகள் இதற்குள் மட்டும்), 0.2 மில்லிமீற்றர் பொலித்தீன் ஈரத்தடுப்பு, 300 மில்லிமீற்றர் மரச்சட்டமும் ரொக் வூலும், காற்றுத்தடுப்புத் தாள், 36 மில்லிமீற்றர்க் காற்றுவெளி, 22 மில்லிமீற்றர் வெளிப்பலகை. வெப்பக் கடத்தல் மதிப்பு (ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீற்றர் இழக்கும் வாட்), மரம் கடத்துவதையும் சேர்த்தால், 0.11 முதல் 0.12 வரை வரும்.

பொலித்தீன் ஏன் அந்த இடத்தில்? உள்ளே 20 பாகையும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால் 6 பாகையில் வேர்க்கும். வெளியே −20 என்றால் 348 மில்லிமீற்றர்க் காப்பில் 40 பாகை இறங்குகிறது. 48 மில்லிமீற்றரில் வெப்பநிலை சுமார் 14.5, அங்கே வேர்க்காது. 6 பாகை வருவது ஏறத்தாழ 122 மில்லிமீற்றரில். ஈரம் அதற்கு முன்பே பொலித்தீனில் நிறுத்தப்படுகிறது. மொத்தக் காப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பொலித்தீனுக்கு உட்பக்கம் வரக்கூடாது என்ற நோர்டிக் கைமுறை இதிலிருந்துதான் வருகிறது. ஜூரியில் இந்தக் கணக்கைச் சுவர்ப்படத்தின்மேல் ஒரு சாய்கோடாக வரைந்து காட்டுங்கள். பொலித்தீனை வெளிப்பக்கம் போட்டவர்களின் படத்தில் அந்தக் கோடே அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

காற்றுவெளியின் திறப்புகளில் தூள்பனி மாப்போல நுழையும். மெல்லிய வலை தடுக்காது. கூரையில் திறப்பு வைக்காமல் சுவரின் கீழ்விளிம்பில், காற்று நேரே அடிக்காத பக்கம் வையுங்கள். காற்றோட்டக் குழாய் வாய்க்கும் இதே நியாயம். 60 பேருக்கு ஆளுக்கு விநாடிக்கு 7 லீற்றர் என்றால் 420 லீற்றர். வாய் சிறிதானால் காற்று வேகமாகி பனியையும் உறிஞ்சும். வேகத்தை விநாடிக்கு 0.75 மீற்றரில் நிறுத்த 0.56 சதுர மீற்றர் வாய் வேண்டும். அதைக் கட்டடத்தின் அடிப்பக்கம் நோக்கித் திறக்கலாம்.

கண்ணாடி பற்றி ஒரு கணக்கு போதும். மூன்றடுக்குக் கண்ணாடியின் மதிப்பு 0.8. உள்ளும் வெளியும் 40 பாகை வித்தியாசத்தில் 40 சதுர மீற்றர்க் கண்ணாடி 1280 வாட் இழக்கும், 0.12 மதிப்புள்ள 300 சதுர மீற்றர்ச் சுவர் 1440 வாட். எனவே பெரிய ஜன்னல் ஒன்றே ஒன்று, காரணத்தோடு. துருவ இரவில் அது கரிய கண்ணாடியாகி உங்கள் முகத்தையே காட்டும். துருவ ஒளி பார்க்க வேண்டுமானால் அந்த அறை விளக்குகள் தரைமட்டத்தில், மங்கலாக, தனிச் சுவிட்சில் இருக்க வேண்டும்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது

வேலைக்காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. பொருள் கப்பலில் வரும். 20 அடிக் கொள்கலத்தின் உள்ளளவு சுமார் 5.9 × 2.35 × 2.39 மீற்றர், கதவு அதைவிடச் சற்றுத் தாழ்வு. சுவர்ப் பலகங்களை 2.2 மீற்றருக்கு மேற்படாமல் பிரித்தால் உள்ளே போகும். கொங்கிரீட்டைத் தவிருங்கள், 5 பாகைக்குக் கீழே அது இறுக மறுக்கும், இறுகுமுன் உறைந்தால் பிறகு பொடியும்.

அங்கே ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள்

இலுலிசாட்டில் கிறீன்லாந்து இன்யூட் மக்கள், அபிஸ்கோவில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள். ஸ்வால்பார்டில் மட்டும் பூர்வகுடிகள் இல்லை. சாமிக் கூடாரத்தைக் கொங்கிரீட்டில் பெரிதாக்கி "உள்ளூர்ப் பண்பாட்டிலிருந்து எடுத்தது" என்று எழுதுபவர்கள், நுவரெலியா ஹோட்டல் வாசலில் நிற்கும் கூடைக்காரப் பெண் சிலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிலையைப் பார்க்கும்போது நமக்கு என்ன தோன்றுமோ அதுதான் அவர்களுக்கும் தோன்றும். அதற்குப் பதில் காட்சிப் பலகைகளில் அவர்கள் மொழி முதலில் வரட்டும். கலைமான் போகும் வழியில் நடைபாதை குறுக்கிடாதிருக்கட்டும். நடைபாதையைக் கம்பித்தட்டில் உயர்த்திப் போட்டால் பனி கீழே விழும், வெளிச்சமும் போகும், பாசி பிழைக்கும். அங்கே மிதிபட்ட செடி மறுபடி தழைக்கப் பல ஆண்டுகள்.

ஜூரிக்கு

சைட் 1:1000, பிளான் 1:100, வெட்டுப்படம் 1:50, சுவர் விவரம் 1:10. வெட்டுப்படம் இரண்டு வேண்டும்: ஜூலையில் ஒன்று, மார்ச்சில் குவிந்த பனியோடு ஒன்று. ரவைப் படங்களைப் பக்கத்தில் ஒட்டுங்கள். "வாசல் எங்கே மூடும்?" "அடியில் காற்று எங்கே போகும்?" "ஈரம் எங்கே நிற்கும்?" என்ற மூன்று கேள்விக்கும் படத்தில் விரல் வைக்க முடிய வேண்டும்.

மொடலுக்கு ரெஜிஃபோமைச் சூட்டுக் கம்பியில் வெட்டி நிலமட்ட அடுக்குகளாகப் போடலாம். நெளிவட்டை மலையகத்து ஈரத்தில் ஒரே இரவில் வளையும். பிரிஸ்டல் போர்டைப் பொலித்தீனில் சுற்றி அடுப்படிக்கு மேலே வையுங்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் A1 அடித்தட்டு வேண்டாம். A2இல் இரண்டாகச் செய்து, கட்டடத்தைக் கழற்றித் தனிப் பெட்டியில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் பொதி வைக்கும் தட்டு எதையும் தாங்காது. கம்பங்களுக்கு ஈர்க்குச்சி வேண்டாம், 2 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி போடுங்கள். உதிரிக் கம்பி ஆறும் ஒரு குப்பி பசையும் பையில் இருக்கட்டும்.